பச்சைத் துணியும் ஒரு மூச்சு எண்ணிக்கையும்

சென்ற மாதம் கலைச்செல்வி போன் செய்தாள். குன்னத்துப் பெண். என்னோடு ஐ.சி.யூ.வில் பல வருடம் வேலை பார்த்தவள், இப்போது புதிதாக வருகிற நர்சுகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பில் இருக்கிறாள். வார்டுகளிலிருந்து ஐ.சி.யூ.வுக்கு மாற்றப்பட்ட பெண்களுக்கு ஒரு வகுப்பு நடக்கிறதாம். அதில் நான் வந்து அரை மணி நேரம் பேச வேண்டுமாம்.

"எல்லாம் நல்லா படிச்ச புள்ளைங்கக்கா. மானிட்டரைப் பார்த்து எல்லாம் சொல்லுதுங்க. ஆளைப் பார்த்துச் சொல்லச் சொன்னா முழிக்கிதுங்க. நீங்க வந்து அந்த நெல் அளக்கிற மரக்கால்காரர் கதையைச் சொல்லிட்டுப் போங்க" என்றாள்.

எனக்கு அரை மணி நேரம் எந்த மூலைக்கு? ஓய்வு பெற்ற நர்சிடம் மைக்கைக் கொடுப்பது எவ்வளவு ஆபத்தான வேலை என்று அவளுக்குத் தெரியாததில்லை. போனேன், பேசினேன், பாதியில் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

உடையார்பாளையம் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள் நான். நர்சிங் டிப்ளமோ முடித்து, பிரசவ வார்டு, அறுவைச் சிகிச்சை வார்டு என்று சுற்றி, பெரம்பலூரில் கொஞ்ச காலம், அரியலூர் பக்கம் மீதிக் காலம் என்று வேலை பார்த்தேன். ஒரு நாள் ஒரு கூடத்துக்கு ஏ.சி. போட்டு, கண்ணாடிக் கதவு வைத்து, ஐ.சி.யூ. என்று பலகை மாட்டினார்கள். பலகை மாட்டிய வேகத்தில் எங்களில் சிலரை உள்ளே அனுப்பினார்கள். பயிற்சி என்று சொல்லிக்கொள்ள, மெஷின் கம்பெனியிலிருந்து வந்த ஒரு பையன் பட்டன்களைக் காட்டிவிட்டுப் போனான். எந்தப் பட்டனை அமுக்கினால் சத்தம் நிற்கும் என்பதை மட்டும் எல்லாரும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டோம்.

எங்களை நர்சுகளாக்கியது அந்தப் பையன் இல்லை, ரெஜினா சிஸ்டர்தான். ஏலாக்குறிச்சிக்காரர். ஐ.சி.யூ.வுக்கு இன்சார்ஜாக வந்தார். ஒல்லியான உடம்பு, சத்தமே வராத நடை. எங்களை விட எவ்வளவோ மூத்தவர், ஆனாலும் யாரையும் ‘ங்க’ போடாமல் கூப்பிட மாட்டார். அந்த மரியாதைதான் பயமாக இருக்கும். மற்ற இன்சார்ஜ்கள் கத்துவார்கள், கத்தி முடித்ததும் விட்டுவிடுவார்கள். இவர் கத்தவே மாட்டார் என்பதால் எப்போது விடுவார் என்றும் தெரியாது.

ரவுண்டுக்கு வரும்போது அவர் தோளில் ஆபரேஷன் தியேட்டரில் பயன்படுத்துகிற பச்சைத் துணி ஒன்று மடித்துக் கிடக்கும். படுக்கைக்கு வந்ததும் அந்தத் துணியை விரித்து மானிட்டர் மேல் போட்டுவிடுவார். திரையில் ஓடுகிற கோடு, எண், எல்லாம் மறைந்துவிடும்.

"மெஷின் சொல்றத மெஷினே சொல்லிக்கும். இப்ப நீங்க சொல்லுங்க" என்பார்.

முதலில் தடுமாறினோம். பிறகு பழகிக்கொண்டோம். கை சூடாக இருக்கிறதா சில்லென்று இருக்கிறதா, நகத்தை அழுத்தி விட்டால் ரத்தம் எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது, மூச்சு வயிற்றில் ஓடுகிறதா தோளில் ஓடுகிறதா, எச்சிலை விழுங்குகிறாரா, மூத்திரப் பையில் நிறம் என்ன, கூப்பிட்டால் கண் யார் பக்கம் போகிறது. இத்தனையும் சொல்லி முடித்த பிறகுதான் துணி விலகும். பல நேரம் நாங்கள் சொன்னதும் மானிட்டர் சொல்வதும் ஒன்றாக இருக்கும். ஒன்றாக இல்லாதபோது, அவர் முதலில் எங்களையும் பிறகு ஆளையும் கடைசியில் மெஷினையும் சந்தேகப்படுவார். அந்த வரிசையை மாற்றவே மாட்டார்.

இன்னொரு வழக்கமும் வைத்திருந்தார். நினைவில்லாதவரானாலும், தொடுவதற்கு முன் பேர் சொல்லிக் கூப்பிட்டு, என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும். மயங்கிக் கிடக்கிறவரிடம் "ஐயா, புரட்டிப் படுக்க வைக்கிறோம்" என்று சொல்ல ஆரம்பத்தில் எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. சிலர் பின்னால் கேலியும் செய்தார்கள்.

பச்சைத் துணியின் அருமை எனக்குப் புரிந்தது ஒரு கூத்தில். நெஞ்சு வலியோடு வந்த பெரியவர் ஒருவருக்கு வீட்டார் யாருக்கும் தெரியாமல் நெஞ்சு முழுக்கத் தைலம் தேய்த்துவிட்டுப் போயிருந்தார்கள். தைலத்தில் மானிட்டர் ஒயரின் ஸ்டிக்கர் ஒட்டுமா? வழுக்கி விழுந்தது. மானிட்டரில் நேர்க்கோடு, கூடவே அலறல். புதிதாக வந்த ஒருத்தி ஓடிப்போய்ப் பெரியவர் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அமுக்க ஆரம்பித்துவிட்டாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எதுக்கும்மா என்னைப் போட்டு அமுக்குற, காப்பி குடிச்சிட்டு செத்த நேரம் கண்ணை மூடினேன்" என்றார். ரெஜினா சிஸ்டர் அவளைத் திட்டவில்லை. ஓடியதற்குப் பாராட்டினார், அமுக்குவதற்கு முன் கூப்பிட்டுப் பார்க்காததற்கு அவளையே வரப்போகிற ஒரு வாரமும் எல்லாப் படுக்கைக்கும் துணி போடச் சொன்னார்.

இனி மரக்கால்காரர்.

அவர் பேர் மாணிக்கம். தா.பழூர் பக்கத்துக் கிராமம். நெல் அளப்பதில் பேர் போனவர். எடை மெஷின் வந்த பிறகும் அங்கே கூலி நெல்லும் கோயிலுக்கு விடுகிற நெல்லும் மரக்காலில்தான் அளந்தார்கள், அதற்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். அறுவடைக் காலம். களத்தில் நெல்லுக்குக் காவலாகத் தரையில் படுத்திருக்கிறார். காலையில் எழுந்தவருக்கு வயிற்று வலி, தொண்டையில் ஏதோ அடைப்பு, கண் இமை தூக்க முடியவில்லை. கடிவாய் எதுவும் தெரியவில்லை, கடித்ததாக அவருக்கும் நினைவில்லை. எங்கள் டாக்டர் கேட்டது இரண்டே கேள்வி. தரையிலா படுத்தீர்கள், இமை எப்போதிலிருந்து இப்படி. உடனே கட்டுவிரியன் பாம்புக்கடி என்று முடிவு செய்து விஷமுறிவு மருந்தை ஏற்றிவிட்டார்.

கட்டுவிரியன் விஷம் தசைகளைக் கட்டிப் போடும். முதலில் இமை, பிறகு கழுத்து, தொண்டை, கடைசியில் மூச்சு. மருந்து ஏற்றிய பிறகும் அது கொஞ்ச தூரம் ஓடித்தான் நிற்கும். அதனால் அப்படிப்பட்டவரை விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு, அந்த ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வோம். நல்ல ஆள் நிறையத் தூரம் போவார். எண்ணிக்கை குறையக் குறைய, மூச்சுத் தசை சோர்கிறது என்று அர்த்தம்.

கலைச்செல்வி அப்போதுதான் சேர்ந்திருந்தாள். அவள் எண்ணச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் முகம் வெளுத்து என்னிடம் வந்தாள். "அக்கா, அவருக்குக் குழப்பம் வந்துடுச்சுக்கா. ஒண்ணு சொல்லுங்கன்னா லாபங்கிறாரு" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். எங்கள் பக்கம் நெல் அளக்கிறவர் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார். லாபம் என்றுதான் தொடங்குவார், அப்புறம் இரண்டு, மூன்று. மரக்கால் நிறைகிற வரைக்கும் அந்த எண்ணை ராகமாக இழுத்து வாயில் வைத்திருப்பார். குன்னத்துச் சோளமும் வெங்காயமும் மூட்டையாகத் தராசில் ஏறுகிறவை, அவளுக்கு இது எப்படித் தெரியும்? ‘உங்க ஊர்ல வெங்காயத்தை உரிச்சு உரிச்சா எண்ணுவாங்க’ என்று கேலி செய்துவிட்டு நானே போய் எண்ணச் சொல்லிக் கேட்டேன். லாபம் என்று தொடங்கி முப்பதைத் தாண்டிப் போனார். நல்ல குரல். பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி கூட எட்டிப் பார்த்தார். ஆக்சிஜன் அளவும் குறையில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

மதியம் மறுபடி எண்ணினார். அப்போதும் முப்பதை ஒட்டித்தான். ஆனால் கலைச்செல்வி படுக்கையை விட்டு நகரவில்லை. "எண்ணிக்கை வருதுக்கா. ஆனா மூக்கு விரியுது பாருங்க" என்றாள்.

அந்த நேரம் ரெஜினா சிஸ்டர் வந்தார். துணி மானிட்டர் மேல் விழுந்தது. சொல்லுங்க என்றார். ஒரு மூச்சில் முப்பது எண்ணுகிறார் என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதுவும் ஒரு மெஷின்தாங்க வளர்மதி. ஆளைச் சொல்லுங்க."

பார்த்தேன். வாயோரத்தில் எச்சில் தேங்கி நின்றது, விழுங்கவில்லை. தலையைத் தலையணையிலிருந்து தூக்கச் சொன்னேன், தாடை மட்டும் அசைந்தது. மறுபடி எண்ணச் சொல்லி அவர் வயிற்றில் கையை வைத்துக்கொண்டேன். அப்போதுதான் பிடிபட்டது. களத்தில் நாள் முழுக்க ராகம் அறுபடாமல் எண்ணுகிறவர் அவர். கேட்கிறவருக்குத் தெரியாமல் எண்ணுக்கு நடுவே மூச்சைத் திருடத் தெரிந்த தொண்டை. நாங்கள் ஒரே மூச்சு என்று நினைத்தது பல குட்டி மூச்சு. ராகம் இல்லாமல், மூச்சு வாங்காமல், பள்ளிக்கூடப் பிள்ளை போலச் சொல்லுங்கள் என்றேன். ஏழெட்டு எண்ணுக்குள் நின்றுவிட்டார்.

லாபம் என்றால் என்ன என்று தெரிந்த நான் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தெரியாத கலைச்செல்வி மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐ.சி.யூ.வில் இரண்டு பேர் ஒரே படுக்கையைப் பார்ப்பது வீண் செலவு என்று கணக்குப் போடுகிற நிர்வாகிகளிடம் நான் இதைத்தான் எப்போதும் சொல்வேன்.

டாக்டர் வந்தார். மயக்க மருந்துத் துறையில் படித்தவர், சின்ன வயது, நிதானமான மனிதர். நாங்கள் சொன்னதைக் கேட்டார், அவரே கழுத்தைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். ஆக்சிஜன் அளவு இப்போது நன்றாகத்தான் இருக்கும், விழும்போது ஒரேயடியாக விழும், அப்போது அவசரத்தில் குழாய் போடுவதை விட இப்போதே போடுவோம் என்றார். வீட்டாரிடம் பேசச் சொன்னார்.

கஷ்டம் அங்கேதான் வந்தது. மாணிக்கத்தின் மனைவி செல்லம்மாளும், மாணிக்கத்தோடு கூடப் பிறந்த தம்பியும் வெளியே இருந்தார்கள். குழாய், வெண்டிலேட்டர் என்றதும் தம்பி எழுந்துவிட்டார். எங்கள் ஊர்களில் குழாய் போட்டால் ஆள் திரும்பாது என்றுதான் பேச்சு. பேசிக்கொண்டிருக்கிற மனுஷனுக்கு எதற்குக் குழாய், கையெழுத்துப் போட மாட்டோம், வேறு இடத்துக்குக் கொண்டு போகிறோம், வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது என்றார். நான் எவ்வளவோ விளக்கினேன். அவர் கேட்டது ஒன்றுதான். முப்பது வரைக்கும் எண்ணுகிறார் என்று காலையில் நீங்களே சொன்னீர்களே?

சொன்னது நான்தான். வண்டியில் ஏற்றினால் தஞ்சாவூர் ரோட்டில் பாதி தூரம் தாண்ட மாட்டார் என்பது எனக்குத் தெரியும். எனக்குக் கோபமும் வந்தது, பயமும் வந்தது. தம்பியோடு மல்லுக்கு நிற்பதில் பிரயோசனம் இல்லை. செல்லம்மாளைப் பார்த்துக் கேட்டேன். களத்தில் அவர் அளக்கும்போது சாக்கின் வாயைப் பிடிப்பது யார்?

"நாந்தாங்க. கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து நாந்தான் பிடிக்கிறேன்."

அவரை உள்ளே அழைத்துப் போனேன். மாணிக்கத்தின் தலைமாட்டில் நிற்க வைத்து, ஐயா, வழக்கமாக எண்ணுகிற மாதிரி எண்ணுங்கள் என்றேன். அவர் லாபம் என்று தொடங்கினார். செல்லம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பத்து தாண்டுவதற்குள் செல்லம்மாள் முகம் மாறிவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"இது அவரு எண்ணிக்கை இல்லைங்க. மரக்காலைச் சாக்குல கவுக்குறப்பதான் அவரு மூச்சு வாங்குவாரு, அதுவரைக்கும் இழுத்துப் பிடிப்பாரு. இப்ப ஒரு எண்ணு முடியறதுக்குள்ளயே வாங்குறாரு." பிறகு, "நீங்க குழாயைப் போடுங்க. தம்பிகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

அதற்குப் பிறகு எதுவும் தாமதிக்கவில்லை. குழாய் போடுவதற்கு முன் நர்ஸ் செய்ய வேண்டியதை இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டால் சொல்வேன். சளி உறிஞ்சுகிற சக்ஷன் ஓடுகிறதா என்று கையில் வைத்துப் பார். தொண்டையைப் பார்க்கிற கருவியில் விளக்கு எரிகிறதா பார். குழாயில் ஒன்று அளவானது, ஒன்று சிறியது. நுனிப் பலூன் ஊதிச் சோதித்தாயிற்றா. மருந்துகள் ஊசியில் ஏற்றி, பேர் ஒட்டி, போடுகிற வரிசையில் வை. யார் தலைமாட்டில், யார் மருந்துக்கு, யார் நாடி பார்க்க என்று வாய்விட்டுச் சொல். கலைச்செல்வி அன்றைக்கு முதல் முறையாக மருந்து பக்கம் நின்றாள். மாணிக்கத்தின் காதில் நான் சொன்னேன். "ஐயா, தூங்க மருந்து போடுறோம், மூச்சுக்குக் குழாய் வைக்கிறோம். இனிமே நீங்க எண்ண வேணாம், நாங்க எண்ணிக்கிறோம்." குழாய் முதல் முயற்சியிலேயே சரியாக இறங்கியது. கொஞ்ச நேரத்தில் அவருடைய சொந்த மூச்சு முழுசாக நின்றுபோனது. வண்டியில் ஏற்றியிருந்தால் என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை, எல்லாரும் நினைத்தோம்.

அடுத்து வந்த நாட்கள்தான் ஐ.சி.யூ. நர்சின் உண்மையான வேலை. குழாய் போடுவது சில நிமிட வீரம், போட்டவரைக் காப்பாற்றிக் கொண்டுவருவது நாட்கணக்கான சலிப்பு. சளி உறிஞ்ச வேண்டும், புரட்டிப் போட வேண்டும், மூட முடியாத கண்ணில் களிம்பு போட்டு ஒட்ட வேண்டும், வாயைச் சுத்தம் செய்ய வேண்டும், படுக்கைப் புண் வராமல் குதிகாலைப் பார்க்க வேண்டும். மாணிக்கம் விரல் கூட அசைக்க முடியாமல் கிடந்தார். கண்மணியில் டார்ச் அடித்தாலும் சுருங்கவில்லை. மயக்க மருந்தைக் குறைத்த பிறகும் அப்படியேதான். பார்க்கிறவர் யாரும் ஆள் போய்விட்டது என்றுதான் சொல்வார்கள். தம்பியும் சொன்னார். உயிர் இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டு போய்விடலாம், வாசலில் வைத்து ஒரு வாய் பாலாவது ஊற்றலாம் என்றார். அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அது அவருக்குத் தெரிந்த அன்பு.

கட்டுவிரியன் விஷத்தில் இப்படித்தான் கிடப்பார்கள், மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை, பொறுங்கள் என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். செல்லம்மாள் ரெஜினா சிஸ்டரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அவருக்குக் காது கேக்குமாங்க?"

"கேக்கும்னு வெச்சுத்தாங்க நாங்க வேலை பாக்குறோம். நீங்களும் வந்து பேசுங்க" என்றார் சிஸ்டர்.

செல்லம்மாளுக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. மாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை, மழை வரும்போல இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை, அத்தோடு தீர்ந்துபோனது. பிறகு எண்ண ஆரம்பித்தார். பார்வை நேரத்தில் உள்ளே வந்து, அவர் காதுப் பக்கம் குனிந்து, லாபம், ரெண்டு, மூணு என்று மெல்ல ராகம் போடுவார். வெண்டிலேட்டர் தன் பாட்டுக்கு ஊதிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு நாளும் அதே பாட்டு. நாங்கள் மற்ற வேலைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்போம்.

ஒரு நாள் காலை, குதிகாலைத் துடைக்கும்போது கலைச்செல்வி என்னைக் கூப்பிட்டாள். அசைக்கச் சொன்னால் கால் கட்டைவிரல் அசைந்தது. நூல் அளவு அசைவு. துணியைப் போட்டு ரெஜினா சிஸ்டரிடம் சொன்னோம். அவர் குனிந்து பார்த்துவிட்டு, யாரும் எதிர்பாராமல் என் தோளைத் தட்டினார். அந்த மனுஷி யார் தோளையும் தட்டி நான் பார்த்ததில்லை.

பெண்களிடம் வகுப்பில் நான் சொன்னது இவ்வளவுதான். பயிற்சிப் பொம்மையில் பழகாமல் ஆளைத் தொடாதீர்கள், பொம்மையோடு நின்றும் விடாதீர்கள். புதிதாக வந்தவளைத் தனியாக விடக் கூடாது, பழகியவளைப் பயிற்சி முடிந்த கையோடு பிரசவ வார்டுக்குத் தூக்கிப் போடவும் கூடாது. மேலே இருப்பவர்கள் இருந்த இடத்தில்தான் இதைச் சொன்னேன். என் ஓய்வூதியத்தை யாரும் பிடிக்க முடியாது என்ற தைரியம்தான். சோதனை செய்யும் முன் ஆள் என்ன வேலை செய்கிறவர் என்று கேளுங்கள் என்பதைக் கலைச்செல்வி தன் பாடத்திலேயே சேர்த்துவிட்டாள். நன்றாகத்தான் கற்றுக்கொடுக்கிறாள்.

கட்டைவிரலுக்குப் பிறகு கை, பிறகு கழுத்து, பிறகு மூச்சு. தலையைத் தூக்கிப் பிடிக்கிறார், எச்சிலை விழுங்குகிறார் என்று உறுதியான பிறகு டாக்டர் குழாயை எடுத்தார். மாணிக்கம் இருமினார், கொஞ்சம் ஆக்சிஜன் வைத்தோம், செல்லம்மாளை உள்ளே விட்டோம். குழாய் எடுத்தவர்கள் முதலில் தண்ணீர்தான் கேட்பார்கள். இவர் மனைவியைப் பக்கத்தில் வரச் சொல்லிக் கையைக் காட்டினார். குரல் உடைந்திருந்தது.

"பதினேழுக்கு அப்புறம் பத்தொம்பது போயிட்ட."

எங்களில் யாருக்கும் புரியவில்லை. அவர் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னார்.

"தெனமும் அதே எடத்துல விட்டுட்ட. சொல்ல முடியாம கெடந்தேன். ஒரு மரக்கா நெல்லு போச்சே."

அத்தனை நாளும் பக்கத்தில் நின்று கேட்டவர்கள் நாங்கள், ஒருத்திக்கும் அது தெரியவில்லை. கலைச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். ரெஜினா சிஸ்டர் தோளிலிருந்த பச்சைத் துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் அழுதேன், எனக்கு அதில் வெட்கம் இல்லை. செல்லம்மாள் மட்டும் அழவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர் காதுப் பக்கம் குனிந்து, விட்டுப்போனதை எடுத்து வைப்பது போல, "பதினெட்டு" என்றார்.